மிச்சத்தை மூடி வைக்காதவள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், கிழமையும் மாசமும் மறந்துபோகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பொம்பளையைப் பற்றி எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வாயாடி என்கிறார்கள். பிள்ளைகளின் சுடுசோற்றில் மண் போட்டவள் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். பேர் எழுத மாட்டேன். எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கை கழுவிவிடுவது, டப்பா திறந்து கொடுப்பது என் வேலை. காலையிலேயே சோறு கட்டிக் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. பிள்ளை ஆறின சோறு தின்னக் கூடாது என்று மத்தியானம் சுடச்சுடக் கொடுத்தனுப்பும் வீடுகளும் உண்டு. அப்படிக் கொடுத்தனுப்பும் வீடுகளுக்கென்று சாப்பாடு கொண்டுவரும் பொம்பளைகள் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பைகளை வாங்கி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து ஊட்டிவிட்டுப் போவார்கள். அவள் அதில் ஒருத்தி. அவள் பேரையும் எழுதப் போவதில்லை. பிள்ளைகள் அவளைச் சாப்பாட்டு அத்தை என்பார்கள்.

இரண்டு கையிலும் இரண்டு ஒயர் கூடை. ஒவ்வொரு பையின் காதிலும் ஒரு நிறத்தில் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். சிவப்பு இன்ன வீடு, மஞ்சள் இன்ன வீடு என்று அவளுக்குத் தெரியும். ஏழெட்டுப் பிள்ளைகள் அவள் கணக்கு. வட்டமாக உட்கார வைத்து, தனக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு ஓரத்தில் தொடங்கி வாய் வாயாக ஊட்டிக்கொண்டே வருவாள். ஊட்டும்போது அவள் கண் அந்தப் பிள்ளையின் தொண்டையில் இருக்கும். விழுங்கினால்தான் அடுத்த வாய்.

அவளுடைய குணம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை மிச்சம் வைத்தால் அந்த மிச்சத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோய், தாய்க்காரியின் முகத்துக்கு நேராகத் திறந்து காட்டுவாள்.

மற்றப் பொம்பளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மிச்சத்தைச் சுவரோரத்தில் கொட்டி, டப்பாவை நான் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும் குழாயில் அலசி, "வழிச்சுச் சாப்ட்டான்மா" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தாய்க்காரிக்கும் சந்தோஷம். அந்தச் சுவரோரத்தில் இரண்டு நாய்கள் இருந்தன. நெய் வாசம் இல்லாவிட்டால் முகர்ந்துகூடப் பார்க்காத நாய்கள். எத்தனை பிள்ளைகளின் சோற்றில் வளர்ந்த உடம்பு அது!

சாயங்காலம் பள்ளி விட்டதும் சில பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவள்தான். என் வீடும் அந்த வழியே என்பதால் கூடவே நடப்பேன். பேசுவதெல்லாம் அவள், நான் தலையை ஆட்டுவேன். முதல் வீடு, புருஷன் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீடு. அன்றைக்கு டப்பாவில் முக்கால்வாசிச் சேமியா உப்புமா அப்படியே இருந்தது. மத்தியான வெயிலுக்குப் புளித்து வேறு போயிருந்தது.

"ஏன்க்கா, இதக் கொட்டிட்டுக் கழுவிக் குடுத்தா என்ன? கதவத் தொறந்ததும் மூஞ்சிக்கு நேரா நீட்டுறீங்க" என்றது அந்தப் பெண்.

"கொட்டிட்டா, பிள்ளை திங்கலங்கிறது உனக்கு எப்படித் தெரியும் தாயி?"

"தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்?"

"நாளைக்கு வேற செய்வ. இந்தச் சேமியா கட்டியாப் போச்சு பாரு, கத்தி வச்சு வெட்டலாம் போல. தண்ணி கூட வச்சு, செத்த தளரக் கிண்டு. இல்லையா, இட்லியைச் சின்னச் சின்னதா ஊத்தி நல்லெண்ணெயும் பொடியும் தடவி வையி. சட்னி வேணாம், கவுந்துரும்."

அந்தப் பெண் கதவைச் சாத்தினது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. இவளோ, "ம், நாளைக்கு இட்லி வரும் பாரு" என்று நடந்தாள். மறுநாள் இட்லிதான் வந்தது.

இன்னொரு வீட்டில் புது டப்பா வாங்கியிருந்தார்கள். நாலு அறை, நாலு பக்கமும் பூட்டு, மேலே கரடி பொம்மை. அந்தப் பையன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கரடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். காலை இன்டர்வெல்லில் அந்தப் பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. நான் இருபது டப்பா திறந்து அவனிடம் வருவதற்குள் மணி அடித்துவிடும். இவள் அந்த டப்பாவை அப்படியே கொண்டுபோய்த் தாயிடம் நீட்டினாள்.

"இதச் செத்த தொறந்து காட்டு."

அந்தத் தாய் சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஒரு பூட்டு திறந்தது. இரண்டாவதை நெம்பினாள், நகம் பெயர்ந்தது. "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கே இம்புட்டு பாடு. பிஞ்சுக் கை என்ன செய்யும்? மூடி லேசா எடுக்க வாற சில்வர் டப்பா ஒண்ணு போதும். இன்டர்வெல்லுக்கு ஒரு சிறுமலை வாழப்பழம் தோலோட வையி. அத உரிக்கிறதே அவனுக்கு விளையாட்டு. இல்ல, ரெண்டு குழிப்பணியாரம். கைக்குள்ள அடங்கும், உதிராது."

எப்போதும் அவள் சொன்னது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒரு பையன் தொடர்ந்து சாப்பிடவே இல்லை. தக்காளிச் சாதம் ஒரே காரம், அதனால்தான் என்று இவளாக முடிவு கட்டி, வாசலில் வைத்துத் தாயைக் கிழித்துவிட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டது. அப்புறம் பார்த்தால் பையனுக்கு நாக்கில் புண். இவள் அன்று இரவு தூங்கினாளோ என்னவோ, காலையில் முதல் வேலையாக அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

"நான் பேசினது தப்புத்தான் தாயி. நாக்குப்புண்ண நான் பாக்கல." கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "நீயும் பாக்கல. அது வேற."

மன்னிப்புக் கேட்கும் அழகு அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப்பட்டவளைத்தான் வாயாடி என்கிறார்கள். இருக்கட்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாதது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். வாசனை வரும் சாப்பாடு கொண்டுவரக் கூடாதாம். முட்டை, கறி, மீன் எதுவும் ஆகாது. யாரோ இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து தாளாளரிடம் சொன்னார்களாம், எங்கள் பிள்ளைக்குக் குமட்டுகிறது என்று. அதையும் மீறிக் கொண்டுவந்தால் அந்தப் பிள்ளைகள் மட்டும் கை கழுவும் குழாயடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மற்றப் பிள்ளைகளின் சௌகரியத்துக்காக என்று வகுப்பு மிஸ் சொன்னார்கள்.

இந்த ஊரில்! பிரியாணி அடுப்பு எரியாத தெரு எது இந்த ஊரில்? அந்த மிஸ்ஸே ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பிரியாணிக் கடை வரிசையில் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு எதிர்ச்சாரியில் சர்க்கார் பள்ளிக்கூடம். அங்கே மத்தியானச் சோற்றோடு பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறார்கள், தின்றால் நல்லது என்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சத்தாக இருக்கிற முட்டை, இந்தப் பக்கம் வந்ததும் நாறிவிடுமோ? சாம்பாரில் போடும் பெருங்காயத்துக்கு வாசனை இல்லையா? பச்சை வெங்காயத்துக்கு இல்லையா? இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது? எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு தரை துடைத்தேன்.

குழாயடி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் அது. பக்கத்தில் கக்கூஸ். நான் எத்தனை பினாயில் ஊற்றினாலும் அங்கே ஈ போகாது.

முதலில் நாலைந்து பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தன. விஷயம் தெரிந்ததும் அந்த வீடுகளில் எலுமிச்சைச் சாதத்துக்கும் தயிர்ச்சாதத்துக்கும் மாறிவிட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளைதான் மிச்சம். நஸ்ரின் என்று பேர். யூகேஜி. தகப்பன் தோல் கிடங்கில் வேலை. தாய் அதிகம் வெளியே வராத பெண். பள்ளியில் கொடுத்த தாளில் இருந்ததை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளையும் போய்ச் சொல்லவில்லை. வழக்கம்போலத் தேங்காய்ச் சோறும், எலும்பில்லாமல் பிய்த்துப்போட்ட கறியும், சில நாள் அவித்த முட்டையும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பிள்ளையும் இவள் ஊட்டும் பிள்ளைகளில் ஒன்று.

சட்டம் வந்தபோது இவள் ஊரில் இல்லை. அவள் மகளுக்கு நெய்க்காரப்பட்டியில் பிரசவம், அங்கே போயிருந்தாள். வேறு ஒருத்திதான் பைகளைக் கொண்டுவந்தாள். அந்த ஒருத்தி நஸ்ரினின் டப்பாவைக் குழாயடியில் வைத்துவிட்டு, "நீயே சாப்ட்டுக்க" என்று இந்தப் பக்கம் வந்துவிடுவாள். அந்தப் பிள்ளை மூடியைத் திறக்கவே திறக்காது. நான் போய் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்ளும். பிறகு சோறு சுவரோரம் போகும். டப்பா வீட்டுக்குச் சுத்தமாகக் கழுவிப் போகும். தாய் சந்தோஷப்பட்டிருப்பாள், பாவம்.

இவள் திரும்பி வந்த அன்று கூடைகளை இறக்கி வைத்துப் பிள்ளைகளை எண்ணினாள்.

"யக்கா, நஸ்ரின் எங்க?"

நான் கையைக் காட்டினேன். காரணத்தையும் சொன்னேன். அவள் போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால் குந்தினாள்.

"ஏலே அப்பு, இங்கன என்ன பண்ற?"

"எனக்குப் பசிக்கல அத்தை."

"ஏன் பசிக்கல?"

"என் சாப்பாடு நாறுதாம்."

அவள் டப்பாவைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "எங்க நாறுது? பட்டையும் தேங்காயும்ல மணக்குது! நாறுதுன்னு சொன்னவுகளுக்குச் சளி பிடிச்சிருக்கும், மருந்து குடிக்கச் சொல்லு." பிள்ளை லேசாகச் சிரித்தது.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. வராந்தாவுக்கு வந்து, இரண்டு கூடைகளையும் தூக்கினாள். "வாங்கலே எல்லாரும்" என்றாள். அவளுடைய ஏழு பிள்ளைகளும் பின்னால் போயின. குழாயடியில் நஸ்ரினையும் சேர்த்து வட்டமாக உட்கார வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஊட்ட ஆரம்பித்தாள்.

மிஸ் ஓடிவந்தார்கள். "அந்தப் பிள்ளை மட்டும்தாம்மா இங்க. மத்தவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் ஒருத்திதான மிஸ்ஸு. ரெண்டு எடத்துக்கும் எட்டுற மாதிரி எங்கம்மா எனக்குக் கை வைக்கலயே."

அன்றைக்கு நஸ்ரின் சாப்பிட்டது. பாதிதான், ஆனால் சாப்பிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மற்றப் பிள்ளைகளுக்கோ தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்ததில் ஒரே கும்மாளம். சாயங்காலம் அவள் நஸ்ரின் வீட்டு வாசலில் நின்று மிச்சத்தைத் திறந்து காட்டி, நடந்ததையும் சொன்னாள். அந்தத் தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. "இத்தனை நாளும் டப்பா காலியா வந்துச்சேக்கா" என்றது. பிள்ளை மறுபடி சாப்பிட ஆரம்பித்ததால் அதே சாப்பாட்டைத்தான் தொடர்ந்து கொடுத்தனுப்பியது.

மற்ற வீடுகளுக்கும் செய்தி போயிற்று. போகாமல் இருக்குமா? பேங்க் வீட்டுப் பெண் இவளைத் தெருவிலேயே நிறுத்தினாள்.

"என் பிள்ளைய சாக்கடை ஓரத்துல உக்கார வச்சுச் சோறு ஊட்டுறீங்களாமே? ஈ மொய்க்குற எடத்துல? உங்களுக்கு அறிவு இருக்கா?"

"ஆமா தாயி, ஈ மொய்க்கத்தான் செய்யுது. இதே எடத்துல இன்னொரு பிள்ளை இத்தனை நாளா உக்காந்துச்சே. அதுக்கு ஒண்ணும் தோணலயா?"

"அது அவங்க பாடு. ஸ்கூல்ல சொன்னபடி கேக்கணும்ல?"

"பெரியவுக சொன்னத பெரியவுக கேக்கல. உக்காந்தது பிள்ளைல்ல?"

அந்தப் பெண் இன்னும் சில தாய்மாரைச் சேர்த்துக்கொண்டாள். ஐந்தாறு பேர் சேர்ந்து தாளாளரிடம் போனார்கள். குழாயடியை எடுக்கச் சொல்லவில்லை, இவளை எடுக்கச் சொன்னார்கள். அவர் ஒரே போடாகப் போட்டார். இனி வெளியாட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் காலையிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு வரவேண்டும். அதற்கும் பழி இவள்மேல். உன் வாயால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆறின சோறு என்று அவள் வாசலில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். சட்டம் போட்டது யார், ஒரு பிள்ளையை ஒதுக்கி வைத்தது யார் என்று ஒரு வாய் கேட்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நான் தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு கதவோரம் நின்றேன். தாளாளர் நிதானமாகத்தான் பேசினார். யாரையும் ஒதுக்கவில்லை, எல்லாருடைய மனசும் நோகாமல் ஒரு ஏற்பாடு செய்தோம், அந்த இடமும் காற்றோட்டமான இடம்தான் என்றார். காற்றோட்டமாம். கக்கூஸ் காற்று.

அப்போது அவள் உள்ளே வந்தாள். பின்னால் கறுப்பு அங்கியோடு நஸ்ரினின் தாய். இவள் கையில் அன்றைய டப்பா. வெளியாள் என்று காவலாளி தடுத்ததால் மத்தியானம் இவளால் ஊட்ட முடியவில்லை; இப்போது நஸ்ரினின் தாயோடு வந்ததால் விட்டிருந்தான். நான்தான் அந்தத் தேங்காய்ச் சோற்றைக் குழாயடியில் வைத்து அந்தப் பிள்ளையிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. அந்த டப்பாவைக் கேட்டில் இவளிடம் கொடுத்ததும் நான்தான்.

அவள் மேஜைமேல் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

"முதல்ல அத மூடுங்கம்மா" என்றார் தாளாளர்.

"பாருங்க சார். இது காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத் தேங்கா திருகிச் செஞ்ச சோறு. கட்டுனது கட்டுனபடி இருக்கு. பிள்ளைக்கு வயித்துவலி இல்ல, நாக்குல புண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன். உக்காந்த எடத்துல அதுக்கு எறங்கல."

"அதான் சொன்னேனேம்மா, நல்ல இடம்தான்."

"நல்ல இடம்னா சரி சார். நீங்க வந்து அங்கன உக்காந்து ஒரே ஒரு வாய் சாப்ட்டுக் காட்டுங்க. கறி வேணாம், வெறும் சோத்த மட்டும் சாப்டுங்க. நான் இந்தக் கேட்டுப் பக்கமே வரமாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்படியெல்லாம் பேசினா கூட்டம் நடத்த முடியாது" என்றார்.

நஸ்ரினின் தாய் மேஜையிலிருந்து டப்பாவை எடுத்தது. கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போய், குழாயடியில், தன் பிள்ளை உட்கார்ந்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே மென்றது. கண்ணில் தண்ணீர் இல்லை. இவள் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு வாய் குடு புள்ள" என்றது எனக்கு இங்கே கேட்டது.

அத்தனை தாய்மார் இருந்தார்கள் அந்த அறையில். ஒருத்தி, ஒரே ஒருத்தி எழுந்து போயிருக்கலாம். போனைப் பார்த்தார்கள், சேலைத் தலைப்பைப் பார்த்தார்கள், காற்றாடியைப் பார்த்தார்கள். என்ன ஜென்மங்கள்! நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். பேச எனக்கு வராது. உட்கார வரும்.

மறுநாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். முட்டி வலியோடு பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று காரணம் சொன்னார்களாம். எனக்கு முட்டி வலி கிடையாது. வலிக்கிறது இடுப்புதான், அதுவும் அவர்கள் தரையைத் துடைத்து வந்தது.

அவளுக்கு அந்தத் தெருக்களில் அப்புறம் யாரும் பை கொடுக்கவில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஊட்டுகிறாள் இப்போது. அங்கேயும் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டுதான் வீடு வீடாக அலைவாள், கேட்கவே வேண்டாம். போன மாசம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தாள். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"யக்கா, அந்தப் பாப்பா இப்ப எங்க உக்காந்து சாப்பிடுது?"

குழாயடியில் பூந்தொட்டிகள் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"தொட்டி வச்சது சரி. பாப்பா எங்க உக்காருது?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே போக எனக்கு வழியில்லை. நடு வருஷத்தில் வேறு பள்ளி கிடைக்காமல் நஸ்ரினை அங்கேயேதான் விட்டிருக்கிறார்கள். தயிர்ச்சாதம் கொண்டுபோகிறதாம். தயிர்ச்சாதம் கொண்டுபோனாலும் ஒதுக்கிப் பழகிய கண்கள் ஒதுக்காமல் இருக்குமா? "தெரியல" என்றேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். கூட்டம் நடந்த மாசம், முதலில் குழாயடியில் உட்கார்ந்த பிள்ளைகள் நாலா ஐந்தா என்பதெல்லாம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அதைவிட ஒன்று கேட்கிறேன். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்கள் யாராவது ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். நஸ்ரினுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.